லோகிதாசனுக்கு ஏது ரப்பர் செருப்பு

சூலூர்
14.5.1995

ஏனுங்க,

ஊட்டை உட்டு வந்த இந்தப் பத்து மாசத்துல உங்களுக்கு நான் எழுதற முதல் கடுதாசி இது. எட்டாவது வரைக்கும் படிச்சவதான், எழுதத் தெரியாம இல்ல. எழுதறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு இருந்துட்டேன். இப்ப ஒண்ணு கேக்கோணும்.

முந்தாநேத்து மத்தியானம் தறி ஷெட்டுல கரண்ட் போயிருச்சு. இருபது தறியும் ஒரேயடியா நின்னா காது ரெண்டும் அடைச்சுப்போன மாதிரி இருக்கும். நாங்க தறி நூலைத் தார்க்குச்சியில சுத்தற பொம்பளைங்க நூல் மூட்டை மேல உக்காந்திருந்தோம். எனக்கு அடுத்தாப்பல தார் சுத்தற சாந்தாமணி சந்தையில புதுசா ஒரு கேசட் வாங்கியிருந்தா. அவகிட்ட பேட்டரியில பாடற டேப் இருக்குது. அரிச்சந்திரன் கூத்துல பையன் பாம்பு கடிச்சுச் செத்ததுக்கு அவனோட ஆத்தா சந்திரமதி அழுகற கட்டம்னு சொன்னா. கேட்டுப்போட்டு முந்தின ராத்திரி முச்சூடும் தூங்கலைன்னும் சொன்னா.

முதல்ல தொண்டையைக் கனைக்கற சத்தம் கேட்டுச்சு. அதுலயே நீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சுப் போலாம்னு பாத்தேன். ஆறு வருசம் கேட்ட குரல்தான, இருந்து கேப்போம்னு உக்காந்துட்டேன்.

முதல் பக்கம் நீங்க எப்பவும் பாடறதுதான். ரெண்டாம் பக்கம் திருப்பிப் போட்டா.

ஒத்தச் செருப்பு வாசல்ல கெடக்குதே
இன்னொண்ணை எங்க சாமி தொலைச்சுப்போட்டே
பெசஞ்ச பால்சோறு பேலாவுல காயுதே
ஒருவாய் திங்காம எங்க சாமி போயிட்டே

ஷெட்டுல இருந்த அத்தனை பொம்பளைங்களும் மூக்கை உறிஞ்சிட்டு இருந்தாங்க. சாந்தாமணி திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போட்டா. அவங்கள்ல ஒருத்திக்காவது தோணலை. லோகிதாசன் அயோத்தி ராசா மகன். அவனுக்கு ஏது ரப்பர் செருப்பு? அது எம்மவன் செருப்பு. நீல வாரு வெச்சது. அந்த வார்த்தை நான் அழுத வார்த்தை. அவன் சட்டையை மடியில போட்டுக்கிட்டு, என்ன சொல்றோம்னு எனக்கே தெரியாம சொன்னது.

நீ மட்டும் ஏன் அழுகலைன்னு சாந்தாமணி கேட்டா. அரிதாரம் பூசினவங்க அழுதா எனக்கு அழுகை வராதுன்னு சொன்னேன்.

வேந்தன் போன அன்னைக்கும் நீங்க சந்திரமதி வேசந்தான் கட்டியிருந்தீங்க. உங்களைக் கூட்டியார எங்கண்ணன் தாராபுரத்துக்கு அக்கட்ட வரைக்கும் பஸ் மாறிப் போச்சு. உங்க கோவிந்தராஜுலு வாத்தியார் கூத்து முடியட்டும்னு அண்ணனை ஊர்ச் சாவடியிலயே நிறுத்தி வெச்சுட்டாரு. நீங்க மறுநாள் மத்தியானம் கண்ணுல மையோட வந்து எறங்குனீங்க. முந்தின நாள் பொழுதோடவே நாங்க அவனை மண்ணுக்குள்ள வெச்சுப்போட்டோம். அதைப் பத்தி நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

இதைக் கேக்கறேன். என் அழுகையை எத்தனை ஊர்ல பாடுனீங்க?

மாரியாத்தாள்


கரட்டுப்பாளையம்
29.5.1995

அன்பிற்குரிய மாரியாத்தாளுக்கு, பெருந்துறை கரட்டுப்பாளையத்திலிருந்து வேலுமணி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்து பத்து நாளாகப் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறது. காங்கயம் பக்கம் மூன்று ஊர் நோம்பியில் கூத்து முடித்து நேற்றுத்தான் வந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். பிரித்துப் படித்த பிறகு அது இல்லை.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். எத்தனை ஊர் என்று எண்ணவில்லை. நிறைய ஊர். அவை உன் வார்த்தைகள்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நான் வந்தபோது நம் வீட்டு ஆண்பிள்ளைகள் என்னை உள்ளே விடவில்லை, உனக்குத் தெரியாது. புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். நீயும் அழுதால் அவளை யார் தேற்றுவது, ஆம்பளை கல்லாட்டம் இருக்கோணும் என்று உன் மாமன் சொன்னார். சரி என்று இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ அழுதாய். பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பாட்டு ஒரு தடவை கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும். என் பிழைப்பு அப்படி. அன்றைக்கு அது எனக்கு வேண்டாமென்றுதான் இருந்தது. ஆனாலும் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

காரியம் முடிந்தது. ஒறம்பரை எல்லாம் போய்விட்டார்கள். நீ ஒரு பக்கம் சுருண்டு படுத்திருந்தாய், நான் ஒரு பக்கம். எனக்கு அழுகை வரவேயில்லை. நான் மனுசன்தானா என்றுகூட நினைத்தேன்.

மறுபடி வேசம் கட்டினது ஆடி மாசம், கொடுமுடிப் பக்கம். பிள்ளைப் பிணம் என்று துணியைச் சுருட்டி ஒரு பொம்மை செய்து கையில் கொடுப்பார்கள். பதினெட்டு வருசமாக நான் தூக்கிய அதே பொம்மைதான். அன்றைக்கு அதைத் தூக்கியதும் பாட்டு மறந்துவிட்டது. பீர் முகம்மது ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மூன்று சுற்று வாசித்துவிட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. அப்புறம் திறந்தபோது உன் வார்த்தைதான் வந்தது. நான் பாடவில்லை மாரி, அதுவாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சேலை கட்டியிருந்தேன், சவுரி வைத்திருந்தேன். ஆம்பளை அழக்கூடாது என்று ஒருத்தரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒரு கட்டத்தில்தான் எனக்கு அழுகை வருகிறது. வேறு எங்கேயும் வருவதில்லை. அந்த அரை மணி நேரம்தான் நான் அவனுக்கு அப்பனாக இருக்கிறேன்.

கேசட் விசயம் என் தப்பு. தை மாசம் ஈரோட்டிலிருந்து ஆள் வந்து கேட்டார்கள், வாத்தியார் சரி என்றார், நானும் போனேன். நீ கேட்பாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

வேலுமணி


சூலூர்
6.6.1995

ஏனுங்க,

உங்களுக்கு அழறதுக்கு ஒரு எடம் கெடைச்சுது. எனக்கு இருந்த எடம் போயிருச்சு.

ஞாயித்துக்கெழமை தறி லீவு. அன்னைக்கு நான் குளத்து மேட்டுக்குப் போயி உக்காந்துக்குவேன். துணி தொவைக்கறவங்க போன பொறவு யாரும் இருக்க மாட்டாங்க. வேந்தனை நெனைச்சு, சத்தமில்லாம, என்னென்ன தோணுதோ அதைச் சொல்லி அழுவேன். வாரம் ஒரு வாட்டி அதைச் செஞ்சுபோட்டா மத்த ஆறு நாள் தார் சுத்தலாம்.

போன ஞாயித்துக்கெழமையும் போனேன். வாயில வார்த்தை வந்ததும் டேப்புல கேட்ட மாதிரியே இருந்துச்சு. பின்னாடியே முகவீணை வேற ஊதுச்சு. நான் அழுகறனா, உங்களை மாதிரி அழுது பாக்கறனான்னு எனக்கே தெரியலை. எந்திரிச்சு வந்துட்டேன்.

இன்னொண்ணு. அந்தக் கேசட்டுல, அப்பா வருவாருன்னு வாசலைப் பாத்திருந்தியேன்னு ஒரு வரி வருது. அது நான் சொன்னதில்ல. நீங்க சேத்துனது. வேந்தன் உங்களுக்காக ஒரு நாளும் வாசலைப் பாத்ததில்லைங்க. தையில போனா ஆவணியில வர்ற ஆளை நாலு வயசுப் பையன் என்னன்னு காத்திருப்பான்? காத்திருக்கோணும்னே அவனுக்குத் தெரியாது. அவன் பேரைச் சொல்லிப் பொய் பாடாதீங்க.

உங்ககிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல. இனிமே அந்த வார்த்தையைப் பாடாதீங்க.

மாரியாத்தாள்


கரட்டுப்பாளையம்
2.7.1995

மாரியாத்தாளுக்கு,

நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். எப்படி நிறுத்தினேன் என்று எழுதுகிறேன்.

போன வாரம் சென்னிமலைப் பக்கம் ஒரு ஊரில் கூத்து. கேசட்டைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேசம் கட்டும்போதே வாத்தியாரிடம் சொன்னேன், பழைய பாட்டைத்தான் பாடுவேன் என்று. ஊர்க்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை.

அந்தக் கட்டம் வந்தது. பழைய பாட்டை எடுத்தேன். நாலு வரி முடிவதற்குள் பின்னாலிருந்து கேசட்டுல இருக்கறதைப் பாடுன்னு குரல் வந்தது. அப்புறம் பத்துப் பேர். நான் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து கிட்ட வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்தச் செருப்புப் பாட்டைப் பாடுங்க சாமி. அதுக்காகத்தான் நடந்து வந்தனுங்க. எனக்கும் ஒருத்தன் போயிட்டானுங்க."

என்னால் அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பாடவில்லை. பீர் முகம்மது என்னைப் பார்த்துவிட்டு ஆர்மோனியத்தை மூடி வைத்தார். வாத்தியாரே அரிச்சந்திரனாக உள்ளே வந்து கதையை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

விடிந்ததும் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்து சொன்னார். இனிமேல் சந்திரமதிக்கு பவானி குமாரசாமி வருவான். நீ கோமாளி வேசம் கட்டு என்றார். தலையாட்டினேன். பதினெட்டு வருசமாகக் கட்டின வேசம். சண்டை போடுவேன் என்று நானே எதிர்பார்த்தேன். போடவில்லை.

அந்த அம்மா கொட்டகைக்கு வெளியே காத்திருந்தார். என் ஊர் எது என்று கேட்டார். சொல்லாமல் வந்துவிட்டேன். நான் அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் மாரி?

வேலுமணி


கரட்டுப்பாளையம்
20.8.1995

மாரியாத்தாளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்ததோ இல்லையோ தெரியவில்லை. கிடைத்திருக்கும்.

கூத்து முடிந்துவிட்டது. இனித் தை மாசம்தான். மஞ்சள் காட்டுக்குக் களை வெட்டப் போகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னோடு சிரித்துத்தான் பேசுகிறார்கள். கோமாளி வேசத்தைப் பார்த்தவர்கள் நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள். தண்ணி வேண்டும் என்று கேட்டால்கூடச் சிரிக்கிறார்கள். முன்னே சந்திரமதியாக இருந்தபோது என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி நின்று பேசுவார்கள். இது பழக நாளாகும்.

நாலு நாளாகக் காட்டு வேலை இல்லை, வீட்டில் பேச ஆளும் இல்லை. நேற்று ஆட்டுக்காரர் வழி கேட்டார். குரல் எடுபடவில்லை. கனைத்துவிட்டுச் சொன்னேன்.

இரண்டு விசயம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஒன்று, நான் சூலூருக்கு வரட்டுமா? வேண்டாமென்றால் வரவில்லை.

இன்னொன்று. அவன் எனக்காகக் காத்திருந்ததில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. நீ சொல்வது சரி. நான் அவனோடு இருந்த நாளைக் கூட்டினால் ஒன்றரை வருசம்கூட வராது. நான் இல்லாத நாளில் அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் நானாக ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன் போல.

அவனைப் பற்றி ஏதாவது எழுது. எது வேண்டுமானாலும்.

வேலுமணி


சூலூர்
15.10.1995

ஏனுங்க,

ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. பதில் போடக்கூடாதுன்னு இல்ல. அந்தம்மா நடந்து வந்து கேட்டதை எழுதியிருந்தீங்கல்ல, அதுலதான் கை நின்னுபோச்சு. பாடாதீங்கன்னு நான் சொன்னது எம்மவனுக்காக. அந்தம்மாவுக்கும் ஒருத்தன் போயிருக்கான்னு நான் நெனைக்கலை. நீங்க என்ன சொல்லியிருக்கோணும்னு எனக்கும் தெரியலைங்க.

வேந்தனைப் பத்திக் கேட்டீங்க. எழுதறேன்.

வெள்ளாட்டுக் குட்டியை அவன் அக்கான்னு கூப்பிடுவான். நாம அதை வித்தப்ப அக்கா கட்டிக்கிட்டுப் போயிருச்சான்னு கேட்டான். இடி இடிச்சாப் பயமில்ல. மிக்சி சத்தத்துக்குப் பயப்படுவான். மேக்கால ஊட்டுல மிக்சி ஓடுனா ஓடியாந்து என் சீலைக்குள்ள பூந்துக்குவான். முட்டையில மஞ்சக்கருவை எடுத்து உங்களுக்குன்னு வெப்பான். நீங்க மாசக்கணக்குல வரமாட்டீங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டான். நான்தான் தின்னுப்போடுவேன். மறுநாள் பாத்துட்டு அப்பா தின்னுட்டாருன்னு சொல்லிக்குவான். வாசலைப் பாக்கலைன்னு நான் எழுதுனது நெசந்தான். ஆனா இதுவும் நெசம்.

இன்னொண்ணு இருக்குது. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

நீங்க பழைய சவுரி ஒண்ணை ஊட்டுல போட்டுட்டுப் போயிருந்தீங்க. அதைத் தலையில வெச்சுக்குவான். என் துண்டைச் சீலையாட்டம் கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னு கையை இப்படி அப்படித் திருப்புவான். பால்வாடியில டீச்சரம்மா ஒவ்வொரு பையனையும் உங்கப்பா என்ன வேலைன்னு கேட்டிருக்குது. வேந்தன் எந்திரிச்சு நின்னு, "எங்கப்பா ராணி"ன்னு சொல்லியிருக்கான். டீச்சரம்மா சிரிச்சிருக்குது, ஆயாவும் சிரிச்சிருக்குது. ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னான். டீச்சரம்மா ராணியைப் பாத்ததே இல்ல போல, அதான் சிரிக்குதுன்னு சொன்னான்.

நான் அவனை அடிச்சுப்போட்டனுங்க. கன்னத்துல. இனிமே அப்பிடிச் சொன்னீன்னா கொன்னுபோடுவேன்னு சொன்னேன். பொம்பளை வேசங்கட்டறவன் பொண்டாட்டின்னு ஊரு பேசறது எனக்கு எளப்பமா இருந்துச்சு. உங்ககிட்டக் காட்டிக்கலை. அவங்கிட்டக் காட்டிட்டேன். ஏன் அடிச்சேன்னு அவனுக்குப் புரியலை. பொழுதோட சவுரியைக் கொண்டுபோயி நெல்லுக் குதிருக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டான். மூணாவது வாரம் காய்ச்சல் வந்துச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க கேட்ட வார்த்தையில இது இல்ல. செருப்பைச் சொல்லி அழுதேன், சோத்தைச் சொல்லி அழுதேன். இதைச் சொல்லி நான் அழுததே இல்ல.

இப்ப வராதீங்க. இதை எழுதிப்போட்டு உங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு முடியாது.

மாரியாத்தாள்


கரட்டுப்பாளையம்
25.2.1996

மாரி,

நாலு மாசமாகப் பதில் எழுதவில்லை. எழுதிக் கிழித்ததுதான். நீ அடித்ததைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. பரவாயில்லை என்று எழுதினால் பொய்யாக இருக்கிறது. தப்பு என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஊர் பேசியதை நீ ஒருத்தியே தாங்கிக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கைதட்டல் கேட்டது. அந்தப் பக்கம் உனக்கு என்ன கேட்டது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மஞ்சக்கரு விசயத்தைத் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு ஒன்று நடந்ததால். தை மாசம் கூத்து ஆரம்பித்தது. போன செவ்வாய்க்கிழமை, சென்னிமலைக்குப் பிறகு முதல் முறையாக அரிச்சந்திரன். குமாரசாமி சந்திரமதி, நான் கோமாளி. என் வேலை முன்பாதியோடு சரி. புலம்பல் கட்டத்தில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

குமாரசாமி பொம்மையைத் தூக்கினான். உன் வார்த்தையை ஆரம்பித்தான். கேசட்டைப் போட்டுப் போட்டுப் பாடம் பண்ணியிருக்கிறான். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவனும் மூச்சு வாங்குகிறான். நான் சேர்த்த பொய் வரியும் அப்படியே வருகிறது. செருப்பு வரி வந்தபோது இடுப்பிலிருந்து ஒரு சின்ன ரப்பர் செருப்பை எடுத்துத் தூக்கிக் காட்டினான். கடையில் வாங்கினது. சிவப்பு வார். ஜனங்கள் அழுதார்கள். விசிலும் அடித்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை மாரி. வாயில் சிரிப்பு வரைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே வெள்ளை அடித்திருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ நூல் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டாயே, அது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. போன வருசம் உன் கடிதத்தைப் படித்தபோது தெரிந்துகொண்டதாக நினைத்தேன். ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

முடிந்ததும் குமாரசாமியிடம் போய் அந்த வரிகளை விட்டுவிடச் சொன்னேன். நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது. "அண்ணா, அது எல்லாரும் பாடறதுதானுங்க, எங்கூர்லகூட எழவு ஊட்டுல பொம்பளைங்க அதைச் சொல்லித்தான் அழுகறாங்க" என்றான்.

அப்புறம் வாத்தியாரிடம் போனேன். முதல் தடவையாகச் சொன்னேன். செருப்பு யாருடையது, வார்த்தை யாருடையது என்று எல்லாம். அவருக்கு இது நாள்வரை தெரியாது. நானாகக் கட்டின பாட்டு என்றே நினைத்திருக்கிறார். வேசப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "உன் மச்சானை அன்றைக்கு நிறுத்தி வைத்தது நான்தானே" என்றார். சாவடியில் உன் அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை என்றார். கூத்து பாதியில் நின்றால் ஊருக்கு ஆகாது என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதற்குப் பயந்துவிட்டேன் என்றார். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். நீ என்ன செய்வாயோ அது உன் இஷ்டம்.

செருப்பை எடுத்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பாட்டை நிறுத்த முடியாது. அது நம் கையை விட்டுப் போய்விட்டது. எழவு வீடு வரைக்கும் போய்விட்டது. உன் வார்த்தையை உன்னிடம் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். என்னால் முடியவில்லை.

வேலுமணி


சூலூர்
10.3.1996

ஏனுங்க,

வாத்தியார் சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். மன்னிச்சேன்னு எழுத இப்ப வரலை. வந்தா எழுதறேன்.

எழவு ஊட்டுல அதைச் சொல்லி அழுகறாங்கன்னு எழுதியிருந்தீங்க. படிச்சுப்போட்டு ஒரு நாள் முழுக்க அதே யோசனை. மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த நடந்து வந்த அம்மாவை நெனைச்சேன். அழ வார்த்தை இல்லாதவங்களும் இருப்பாங்கல்ல. எடுத்துக்கட்டும் உடுங்க.

நேத்து சாந்தாமணிகிட்டச் சொன்னேன். அந்தக் கேசட்டுல பாடறது எங்கூட்டுக்காரர், அந்தச் செருப்பு எம்மவனுதுன்னு. அவ நம்பலை. பொறவு என் மூஞ்சியைப் பாத்துட்டுத் தார் மிசினை நிறுத்திப்போட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. பையன் பேரென்னன்னு கேட்டா. தமிழ்வேந்தன்னு சொன்னேன். சூலூருக்கு வந்த பொறவு அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதத் தடவை.

ஏப்ரல் மூணாந்தேதி அவன் போன நாள். நான் ஊருக்கு வாரேன். ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேன். அன்னைக்கு எங்க கூத்து இருந்தாலும் நீங்க போகாதீங்க. வாத்தியார்கிட்டச் சொல்லிப்போடுங்க, இந்த வாட்டி அவரு யாரையும் நிறுத்தி வெக்க மாட்டாரு.

எனக்கு அழுகை வந்தா நான் அழுவேன். நீங்க பக்கத்துல இருங்க, சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டாம். நான் என்ன சொன்னாலும் அதை மனசுல வாங்கி வெச்சுக்காதீங்க. உங்களுக்கு அழுகை வந்தா உங்க வார்த்தையில அழுங்க. வார்த்தை இல்லாட்டி சும்மா அழுங்க.

மாரியாத்தாள்


சூலூர்
9.4.1996

ஏனுங்க,

சௌரியமா வந்து சேந்தேன். திருப்பூர்ல பஸ் மாற நேரமாச்சு, எலெக்சன் கூட்டம். ஷெட்டுல லீவுக்கு ஒண்ணும் சொல்லலை.

பஸ் ஸ்டாண்டுல நீங்க ஒண்ணு கேட்டீங்க. எப்ப நான் ஊட்டுக்கு வருவேன்னு. நான் பதில் சொல்லாம ஏறிட்டேன். வெசனப்பட்டிருப்பீங்க. பஸ்ஸுல வர்றப்ப யோசிச்சுப் பாத்தேன்.

அன்னைக்கு அவனை வெச்ச எடத்துல போயி உக்காந்தமல்லங்க. நான் அழுவேன்னு நெனைச்சுத்தான் வந்தேன். எனக்கு ஒரு வார்த்தை வரலை. வெயில்ல கல்லாட்டம் உக்காந்திருந்தேன். நீங்கதான் மொதல்ல அழுதீங்க. நான் உங்க அழுகையை எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். கூத்துல முன்வரிசையில உக்காந்தும் கேட்டிருக்கேன், டேப்புலயும் கேட்டிருக்கேன். இது அந்தச் சத்தமில்ல. தண்ணியில்லாத கெணத்துல மோட்டர் ஓடற மாதிரி இருந்துச்சு. மூச்சு வாங்கத் தெரியாம, மூக்கு ஒழுகி, கேக்கவே அசிங்கமா இருந்துச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஆடு மேய்ச்சுட்டு இருந்தவங்க நின்னு பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. நீங்க ஆம்பளையா சட்டை வேட்டியோட உக்காந்து அழுதீங்க. ஒருத்தரும் தடுக்கலை.

அதைப் பாத்துத்தான் எனக்கு வந்துச்சு. அவனை அடிச்சதைச் சொல்லித்தான் அழுதேன். நீங்க கேட்டீங்களா இல்லையான்னு தெரியாது. கேட்டிருக்க மாட்டீங்க, உங்க சத்தமே பெருசா இருந்துச்சு. அதுவும் நல்லதுதான்.

அதுக்கு அப்புறம் எந்திரிச்சோம். நீங்க நடந்தீங்க, நான் பின்னாடி நடந்தேன்.

நீங்க கேட்டதுக்கு இப்பச் சொல்றேன். அந்த ஊட்டுக்கு இருக்கறாப்பல வர எனக்கு இன்னும் மனசு வரலைங்க. ஒரு ராத்திரி இருந்ததுக்கே மேக்கால ஊட்டு மிக்சிச் சத்தம் கேட்டப்ப சீலையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன். இங்க எனக்கு வேலை இருக்குது. சாந்தாமணி இருக்கா. வருசம் ரெண்டோ மூணோ ஆகலாம், ஆகாமயும் போகலாம். பொய் சொல்லி உங்களைக் காக்க வெக்க மாட்டேன்.

ஆனா நீங்க வரலாம். கூத்து இல்லாத ஞாயித்துக்கெழமையாப் பாத்து வாங்க. காலையில முதல் வண்டிக்கு வாங்க, வெயில்ல வராதீங்க. லைன் ஊடு, ஒரே ஒரு ரூமுதான். ஆரு வந்திருக்காங்கன்னு கேட்டா நான் சொல்லிக்கறேன்.

சாப்பிட்டுட்டு வராதீங்க. மூணு பேருக்கு ஆக்கிப் பழகுன கை, இங்க ஒருத்திக்கு ஆக்கறப்ப எப்பவும் அளவு தப்பிப்போகுது. கொறைச்சுப் போட்டாப் பத்தறதில்ல, கூடப் போட்டா மிஞ்சுது. ரெண்டு பேருக்கு எப்படி வருதுன்னு ஆக்கிப் பாக்கறேன்.

மாரியாத்தாள்